இணையம் ஏறிய எழுத்து

ஓலையிற் கிடந்த தமிழ் கடதாசிக்கு ஏறிய வரலாற்றை இலங்கைத் தமிழர் நன்கறிவர். அவ்வரலாற்றில் அவர்க்குரிய பங்கும் பெரிது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியதும், சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்ததும் பாடசாலைப் பிள்ளைகளும் படிக்குஞ் செய்திகள். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழியத் தமிழெழுத்து மற்றுமொரு முறை குடிபெயர்ந்தது. இம்முறை அது சென்று சேர்ந்த இடம், கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் இணையம். இவ்விரண்டாங் குடிபெயர்வு மிக அண்மையிலே நிகழ்ந்தமையால் அதனை ஒரு வரலாறாகக் கொண்டு நோக்குவார் சிலரே. ஆயினும், ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சிதறிய ஒரு மக்கட்கூட்டம் தன்னைத் தான் மீண்டும் கண்டுகொண்ட வகையை அறிய விரும்புவோர்க்கு அதனினுஞ் சிறந்த சான்று வேறில்லை.

இணையத்தின் வித்து 1969இல் ஐக்கிய அமெரிக்காவில், பாதுகாப்புத் திணைக்களத்தின் பொருளுதவியாற் பிணைக்கப்பெற்ற ஒருசில கணினிகள். அதனைப் பொதுமக்களுக்கும் எளிதாக்கிய உலகளாவிய வலையை, ஜெனீவாவிலுள்ள அணுவாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989இல் முன்மொழிந்தார். 1993இல் அந்நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. இவையெல்லாம் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. வஞ்சகம் எதுவும் இதில் இல்லை. செய்தவர் தமக்குத் தெரிந்த எழுத்துக்கே இடம் வைத்தனர்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எழுத்துக்கு ஓர் எண் என வகுத்து, அவ்வெண்ணையே அது சேமித்து வைக்கும், அதனையே அனுப்பும். அக்கால வழக்கப்படி ஒரு தொகுதியில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதியாகிய 128 இடங்களை ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளும் பிறவும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128இல், உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்தையும் எங்ஙனம் இருத்துவது? தட்டச்சுப்பொறி செய்தோர் முன்னரே கண்ட வழி இங்கும் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்த ஞான்று, எழுத்துக்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக்கொண்டார். அவ்வாறே கொம்பு, அரவு, விசிறி என்பவற்றைத் தனித்தனி இடத்தில் இருத்தி, வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாயினர்.

வழி கிடைத்தது, வினை அதன்பின் தொடங்கிற்று. எந்த உறுப்பை எந்த எண்ணில் இருத்துவது என்பதில் ஒருவர் கருத்து மற்றவர்க்கு ஒவ்வவில்லை. கனடாவில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், சுவிற்சர்லாந்தில் ஒருவர், சென்னையிற் பலர் எனத் தத்தமக்குத் தோன்றியவாறு எழுத்துருக்களைச் செய்தனர். மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதலாகவே ‘முரசு’ என்னும் பெயரில் இப்பணியிலே ஈடுபட்டிருந்தார். லோசான் நகரிலே இரசாயன ஆராய்ச்சியாளராக விளங்கிய கு. கலியாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவை ஆக்கி இலவசமாகவே வழங்கினார். வலை பிறந்த ஜெனீவாவும் இவர் இருந்த லோசானும் ஒரே ஏரியின் கரையில் உள்ளமை தற்செயலேயாயினும் நினைக்க இனிது. இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்றது ‘பாமினி’. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வெளியான தமிழ் ஏடுகள் பலவற்றின் எழுத்து அதுவே.

பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதி அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியைத் திறந்தவர் கண்டது யாது? ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். ஒரு தாய் ஆளைக்கொண்டு எழுதுவித்த முழுக்கடிதமும் மகன் கண்ணுக்கு இவ்வாறே தோன்றியிருக்கும். எழுதியவர் எழுத்துருவைப் பெறுபவரும் வைத்திருந்தாலன்றிச் செய்தி செல்லாது. ஆகவே ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தீவாயிற்று. நாட்டாலும் ஊராலும் வேறுபட்டு நின்ற தமிழர், எழுத்துருவாலும் வேறுபட்டு நின்ற காலம் அது.

இத்தொல்லையை வேண்டாதவர் ஆங்கில எழுத்தாலே தமிழை எழுதினர். 1990களின் முற்பாதியில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்த தமிழ் மாணவரும் ஆய்வாளரும் இணையவழி அளவளாவியது பெரும்பாலும் இம்முறையிலேயே. அதன் குறை வெளிப்படை. பலமும் பழமும் ஒன்றாகிவிடும். வல்லியும் வள்ளியும் ஒருத்தியாகிவிடுவர். பொருள் நோக்கி ஊகித்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால், தன் பெயரையே தன்னெழுத்தில் எழுத இயலாதவன் அக்கூட்டத்தில் எத்தகைய உறுப்பினன் என்னும் வினா அந்நாளில் பலர் உள்ளத்தையும் உறுத்தியது. திருத்தமான எழுத்து வேண்டும் என்ற வேட்கைக்கு மொழிப்பற்று மட்டுமே காரணமன்று; தன்னைத் தானாகக் காட்டும் ஆவலும் அதனுட் கலந்திருந்தது.

1995ஆம் ஆண்டை இக்கதையின் நடுப்புள்ளி எனலாம். அவ்வாண்டு ஏப்ரலிற் கொழும்பிலே பணம் செலுத்தி எவரும் இணையத்தொடர்பு பெறும் வசதி ஏற்பட்டது. ஒக்டோபர் 27ஆந் தேதி சிங்கப்பூரில், அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் எழுந்த கவிதைகளின் தொகுப்பொன்றை அதிபர் ஓங் தெங் சியோங் வலையிலே தொடக்கிவைத்தார். அதிலிருந்த தமிழ்க் கவிதைகள் தமிழெழுத்திலேயே திரையிற் றோன்றின. அதற்காக உழைத்தவர் நா. கோவிந்தசாமி என்னும் தமிழ்ச் சிறுகதையாசிரியர், கல்விக்கழக விரிவுரையாளர். கணினி கற்றோர் செய்யவேண்டிய காரியத்தை இலக்கியம் கற்றவர் முன்னின்று செய்தமை குறிக்கத்தக்கது.

அதற்கு மூன்றாம் நாள், ஒக்டோபர் 30ஆந் தேதி, யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததையும் ஈண்டு கூறுதல் வேண்டும். போர் நெருங்கிவர, வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணிக்க, வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஓரிரவில் வீடுவாசலை விட்டு, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். தலையிற் சுமக்கக் கூடியதையே அவர் எடுத்துச்சென்றனர். புத்தகங்களை எடுத்தவர் மிகச் சிலராகவே இருந்திருத்தல் கூடும். 1990 முதலாகக் குடாநாட்டின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இல்லை; தொலைபேசி இல்லை. சிங்கப்பூரிலே தமிழ் திரையேறிய செய்தி அந்த வழியில் நடந்தவர்க்கு எட்டியிராது. எட்டியிருந்தாலும் பொருள்பட்டிராது. எனினும், பின்னாளில் அவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று தொட்டன. அன்று நடந்தவருள்ளும், 1983க்குப்பின் ஏலவே கடல்கடந்தவருள்ளும் பலர், பின்பு தம்முள் உறவு பேணியது அவ்வெழுத்தின் துணைகொண்டே.

அதற்குமுன் எழுத்துருத் தீவுகளிடையே பாலம் அமைய வேண்டியிருந்தது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறியீட்டு முறைகளையும் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. அரசினர் ஒருபுறம் இவ்வாறிருக்க, பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர் இணையத்திலேயே ஓயாது விவாதித்துத் ‘திஸ்கி’ என்னும் முறையை வகுத்தனர். முகமறியாதோர் பலர், சம்பளமும் பதவியுமின்றி, ஓர் எழுத்துறுப்புக்கு எந்த எண் என்று மாதக்கணக்காக வாதிட்ட காட்சி வெளியார்க்கு நகைப்பாகத் தோன்றியிருக்கலாம். வாதங்கள் சிலவேளை கடுமையாயின, மனத்தாங்கலும் உண்டாயிற்று. ஆனால் இணையவழித் தமிழ்ச் சமுதாயம் என ஒன்று முதன்முதற் பிறந்தது இவ்வாதத்திலேதான். பொழுதுபோக்காகக் கூடிய கூட்டங்கள் கலைந்தன. ஒரு வேலையை முன்னிட்டுக் கூடியவர் நிலைத்தனர்.

1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குத் தக்க சான்று. கலியாணசுந்தரமே அதனை ஒருங்கிணைத்தார். தமிழிலக்கியங்களை ஒருவர் கணினியில் தட்டச்சிட, வேறொரு நாட்டிலுள்ள மற்றொருவர் பிழைதிருத்த, முடிந்த நூலை எவரும் இலவசமாகப் பெறும்படி வைத்தனர். ஏடு பார்த்து எழுதினோர் ஒருபுறம், ஒப்புநோக்கினோர் ஒருபுறம் என்று பதிப்பாசிரியர் காலத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. நடுவிலே கடல் கிடந்தது என்பதே வேற்றுமை.

இறுதியிற் பாலமாக அமைந்தது ‘ஒருங்குறி’ எனப்படும் யுனிக்கோட். உலகமொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வகுக்கும் இம்முறை 1991இலேயே வெளியாயிற்று. தமிழுக்கும் அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. சாதாரண கணினிகளில் அது வழக்கிற்கு வர மேலும் பத்தாண்டு வரை சென்றது. வந்தபின், எழுத்துரு வேறாயினும் எண் ஒன்றாதலின், கொழும்பில் எழுதியதை ஒஸ்லோவிற் படிக்கத் தடையில்லாதாயிற்று.

தமிழறிஞர் சிலர்க்கு இம்முறையில் மனக்குறை இருந்தது; அது காரணமற்ற குறையன்று. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988இல் இந்தியாவில் வகுக்கப்பட்ட குறியீட்டைத் தழுவியது. அதனால் நெடுங்கணக்கு முறை மாறிற்று. ஈற்றில் நிற்க வேண்டிய னகரம் நகரத்தின் பின்னும், அதன் அயலே நிற்க வேண்டிய றகரம் ரகரத்தின் பின்னும் போய் நின்றன. எண்வரிசைப்படியே சொற்களை அடுக்கினால் அகராதி குழம்பும். அதனைச் சீர்செய்யத் தனி விதிகள் வேண்டியிருந்தன. மேலும், இலக்கணத்தில் மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும். இம்முறையிலோ ‘க’ என்னும் உயிர்மெய்யே அடிப்படை. அதன்மேற் புள்ளியைக் கூட்டினால் மெய் பிறக்கும். தந்தையை மகன் பெற்றான் என்பது போன்றது இது என்று வருந்தினோர் உளர். ஆயினும், வரிவடிவத்தை மாத்திரம் நோக்கினால், புள்ளி பெறுவது மெய், புள்ளி நீங்கி நிற்பது அகரவுயிர்மெய் என்பது தொல்காப்பியரும் கூறியதே. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் மற்றுமொரு முறையையும் சேர்த்தே ஏற்றது. மக்கள் வழக்கில் நிலைத்தது ஒருங்குறியே. சிறந்தது எது என்னும் வாதத்தை, எல்லோரிடமும் உள்ளது எது என்பது முடித்துவைத்தது.

இலங்கையிலும் தமிழ்க் கணினிப் பயன்பாட்டுக்குரிய நியமம் 2008இல் வகுக்கப்பட்டது. 2010இல் ‘இலங்கை’ என்னும் சொல் தமிழெழுத்திலேயே இணைய முகவரியின் ஈறாக இடம்பெற்றது.

எழுத்து ஒன்றானதும் சொல் வேறென்பது தெரியவந்தது. இதனை நன்கு காட்டுவது 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் விதியுடைய அக்கலைக்களஞ்சியத்தைத் தொடக்கநாளிற் கட்டியெழுப்பியவருள் முதல்வர் இ. மயூரநாதன். வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவர், கட்டடக்கலைஞர், அபுதாபியிற் பணிபுரிந்தவாறே ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். நாவலர் அச்சுக்கூடம் நிறுவிய அதே வண்ணார்பண்ணை என்பதை எடுத்துச்சொல்லாது விடுதல் அரிது.

அக்களஞ்சியத்திலே தமிழ்நாட்டவரும் இலங்கையரும் நாள்தோறும் ஒரே பக்கத்தில் எழுத நேர்ந்தது. அச்சுக்காலத்தில் இஃது இத்துணை நெருக்கமாக நிகழ்ந்ததில்லை. சென்னைப் பத்திரிகை சென்னை வழக்கையும், யாழ்ப்பாணப் பத்திரிகை யாழ்ப்பாண வழக்கையும் தாந்தாம் காத்துக்கொண்டன. இங்கோ, இலங்கைப் பாடநூலின் ‘பௌதிகவியல்’ தமிழ்நாட்டின் ‘இயற்பியலை’ எதிர்கொண்டது. ‘இரசாயனவியல்’ ‘வேதியியலை’ எதிர்கொண்டது. ‘ரொறன்ரோ’ சரியா, ‘டொராண்டோ’ சரியா என்பதில் வாதம் எழுந்தது. நாற்காலியையே அறிந்தவர் ‘கதிரை’ என்றால் யாதென வினவினர். எண்ணிக்கையிற் குறைந்த இலங்கையர் வழக்கு அடிபட்டுப்போகும் என அஞ்சியோரும் இருந்தனர். அவ்வச்சம் முற்றும் நீங்கிற்று என்றும் சொல்லுதற்கில்லை. ஆனால் ஒரு சிறு உபாயம் பெரும்பயன் தந்தது. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனை பெயரையும் பதிந்து, எதனைத் தட்டினாலும் ஒரே கட்டுரைக்கு இட்டுச்செல்லும்படி அமைத்தனர். ‘வழிமாற்று’ என்பது அதன் பெயர். தன் சொல்லை விட்டுக்கொடாமலே பிறன் சொல்லுடன் வாழ்வதற்கு அது இடந்தந்தது. 2017இல் அக்களஞ்சியத்தின் கட்டுரைத்தொகை ஓர் இலட்சத்தை எட்டிற்று.

இனி, இழப்பிலிருந்து எழுந்த ஒரு முயற்சி. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தின் முதலிரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும், பழைய பத்திரிகைத் தொகுதிகளும் அழிந்தன. மறுபிரதி பிறிதோரிடத்தில் இருந்த நூலுக்கு மீட்சி உண்டு. ஒரே பிரதியாயிருந்தது போயிற்றேல் போயிற்றே. பின்பு நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த நூல்களையும் விட்டுவைக்கவில்லை. இந்நிலையில், இளைஞர் சிலர் 2005இல் ‘நூலகம்’ என்னும் இணைய நூல்நிலையத்தைத் தொடங்கினர். எஞ்சிய இலங்கைத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, யாவரும் படிக்கும்படி வைத்தல் அதன் பணி. ஓரிடத்தில் மூட்டிய தீ எல்லாப் பிரதியையும் எரிக்க முடியாது என்னும் எண்ணம் அதனுள் அடங்கியுள்ளது.

அதன் தட்டுக்களிற் பேரிலக்கியம் மட்டும் இல்லை. பாடசாலை மலர்கள், கோவிற் கும்பாபிடேக மலர்கள், கிராம முன்னேற்றச் சங்க அறிக்கைகள், ‘கல்வெட்டு’ என்று யாழ்ப்பாணத்தார் வழங்கும் நினைவு மலர்கள் முதலியனவும் உள. இறந்தவர்க்கு முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கப்படும் அச்சிறுநூலை முன்னெல்லாம் எவரும் பேணிவைத்திலர். சிலவேளை கடைக்காரன் அதிற் சரை சுற்றிக் கொடுத்ததும் உண்டு. இன்று அதன் மதிப்பு வேறு. கனடாவிற் பிறந்த பேரப்பிள்ளை தன் பாட்டனார் பெயரைத் தட்டித் தேடுகின்றது. பாட்டனார் எவ்வூர், அவருடன் பிறந்தோர் எவர், எப்பாடசாலையிற் படிப்பித்தார், எக்கோவிலுக்குத் திருப்பணி செய்தார் என்பதெல்லாம் அம்மலரில் உண்டு. உறவினர் சொல்லக்கேட்டு அறிந்த காலம் போய், இணையத்திற் படித்து உறவினரை அறியுங் காலம் வந்திருக்கின்றது. இதனை வளர்ச்சி என்பாரும் உளர். இரங்கத்தக்கது என்பாரும் உளர். இரண்டும் பொருந்தும்.

அன்றாட வாழ்வில் நேர்ந்த மாற்றம் இதனினும் விரைவானது. 1990இல் மூடப்பட்ட கண்டி வீதி 2002இற் றிறந்த பின்னர், யாழ்ப்பாண நகரில் இணையத் தொடர்புக் கடைகள் பெருகின. மணிக்கணக்கிற் பணங்கொடுத்து, ஒடுங்கிய பலகைத் தட்டிகளுக்கிடையே அமர்ந்து, பெற்றோர் பிள்ளைகளின் முகத்தை ஆண்டுகள் பல கழித்துத் திரையிலே கண்டனர். பின்னர்க் கைத்தொலைபேசியே அப்பணியை ஏற்க, அக்கடைகளுக்கு வேலை குறைந்தது. கலியாணம் ஒரு நாட்டில், பார்ப்போர் ஐந்து நாட்டில் என்பது வழக்கமாயிற்று. செத்தவீட்டுக்கு வர இயலாத மகன் தொலைபேசித் திரையிற் கிரியையைக் கண்டு அழுதான்.

இவ்விடத்து ஒரு முரண் உண்டு. தமிழெழுத்தை இணையத்தில் ஏற்றப் பதினைந்தாண்டு பாடுபட்டனர். அது முற்றும் எளிதான காலத்தில், எழுத்தின் தேவை குறையத் தொடங்கிற்று. குரலையே பதிந்து அனுப்பலாம் என்றால் கடிதம் எழுதுவார் யார்? தமிழ் விசைப்பலகை கைத்தொலைபேசியிலேயே இருந்தும், இளைஞர் பலர் 1990களிற் போல ஆங்கில எழுத்தாலேயே தமிழை எழுதுகின்றனர். அன்று அது வேறுவழியின்மையால் நேர்ந்தது. இன்று அது விருப்பினால் நேர்கின்றது. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுள் தமிழைப் பேசவும் கேட்கவும் அறிந்து, படிக்க அறியாதார் உளர். அவர்க்குக் குரல் ஒரு பேறு. அம்மம்மாவோடு கதைப்பதற்கு எழுத்துத் தெரியவேண்டுவதில்லை. ஆனால் அம்மம்மாவின் கல்வெட்டு அவர்க்குப் படமாகவே நின்றுவிடும்.

நூலகத்தாரும் குரலின் வலிமையை அறிந்து, நூல்களோடு நில்லாது, முதியோர் வாய்மொழிகளையும் பதிந்து சேர்த்து வருகின்றனர். தொழில்செய்வோர் சொல்லும் தொழில்நுட்பம், கூத்துக் கலைஞர் பாடும் பாட்டு, இடம்பெயர்ந்தோர் கூறும் நினைவு என்பன அவற்றுள் அடங்கும். அக்குரல் வேண்டியவர் கையிற் சேர்வதற்கு, பேசியவர் யார், எவ்வூர், எத்தொழில், எந்நாள் என்பதை எவரேனும் தமிழில் எழுதி அதன்கீழ் வைத்தல் வேண்டும். மணிக்கணக்காக நீளும் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, அச்சிறு குறிப்பைத் தட்டச்சிடுவோர் அதனைச் செய்துகொண்டிருக்கின்றனர்.